லிட்டருக்குப் பதினாலு

அந்தப் பிக்கப் வண்டிக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதில் மனிதனுக்குக் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். வண்டிக்கோ பழைய இரும்புக்காரன் வந்து விலை பேசுவான். மேட்டு ஊரிலிருந்து முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு கீழே சந்தைக்கு இறங்குவதும், காலிப் பெட்டிகளோடு திரும்ப ஏறுவதும்தான் அதன் பிழைப்பு. அந்த வீட்டின் பிழைப்பும் அதுதான்.

அந்த வீட்டுக்காரியின் கணவர் ஓட்டிய காலத்தில் அது லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுத்தது. அந்த ரக டீசல் வண்டிக்குப் பத்து வந்தாலே பெரிய விஷயம். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். "பதினாலுக்குக் கீழே வந்தா அன்னிக்கு உங்களுக்குச் சோறு கிடையாது" என்று அவள் சிரித்துக்கொண்டே மிரட்டுவாள். அவரும் சிரித்துக்கொண்டே டேங்கை வாய்வரை நிரப்பி, ஓடிய தூரத்தை வகுத்துக் காட்டுவார். ஒவ்வொரு வீட்டிலும் பீற்றிக்கொள்ள ஏதாவது ஒன்று இருக்கும். அவர்கள் வீட்டில் அது பதினாலு.

அவர் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. சுமையோடு இறங்கும்போது, இறக்கத்தின் கடைசி வளைவில் பிரேக் பிடிக்காமல் பாலத்துச் சுவரில் மோதினார். அதற்கு ஆறு நாள் முன்னால்தான் பிரேக்குக்குப் புது லைனிங் போட்டிருந்தது. போட்ட மெக்கானிக் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். சாவு வீட்டுக்கு வந்த அண்ணனை அவள் அத்தனை பேருக்கு நடுவில் நிறுத்தி, "என் புருஷனைக் கொன்னுட்டு எந்த முகத்தோட வந்தே?" என்று கேட்டாள். அவர் வாயே திறக்கவில்லை. திறக்காததே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி எல்லோருக்கும் பட்டது. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். அவருடைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் வேறு பட்டறை பார்த்துக்கொண்டார்கள். அதில் அவளுக்கு உள்ளூரத் திருப்தி இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மோதிய வண்டியை வெளியூர்ப் பட்டறையில் சரிசெய்து வாங்கி, கொழுந்தன் ஓட்ட ஆரம்பித்தான். லிட்டருக்குப் பத்துதான் வந்தது. ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, டயருக்குக் காற்றுப் பார்த்தாயிற்று, டீசல் பம்பைக் கழற்றிச் சோதித்தாயிற்று. பத்து பத்தாகவே நின்றது. மீதி நாலு எங்கே போகிறது என்று அவள் மண்டை குடைந்தது. வழியில் எங்காவது டீசலை இறக்கி விற்கிறானோ? கேட்டால் வீடு இரண்டாகும். கேட்காமலும் இருக்க முடியவில்லை. கடைசியில் ஒரு நாள் காலை, சுமை ஏற்றி முடித்ததும், அவளும் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். திருட்டு என்று தெரிந்தால் அங்கேயே சாவியை வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"சந்தையில ஏதாவது வாங்கணுமா அண்ணி?"

"நீ ஓட்டுறதைப் பார்க்கணும் தம்பி."

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போயிற்று. வண்டியை எடுத்தான். இறக்கம் தொடங்கியதும் மூன்றாம் கியருக்கு மாற்றினான். எஞ்சின் முக்கி முனகிக்கொண்டு, சுமையைப் பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி, மெதுவாக இறங்கியது. இறக்கத்தின் பதினொரு கிலோமீட்டரிலும் அவன் எங்கேயும் நிறுத்தவில்லை. குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

சந்தை வாசலில் அவளால் அடக்க முடியவில்லை. "உங்க அண்ணன் ஓட்டினப்போ பதினாலு. நீ ஓட்டினா பத்து. நடுவுல நாலை யார் குடிக்கிறாங்க?"

அவன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதைக் கேக்காதீங்க அண்ணி."

"அப்போ நீதான் எடுக்கிறே."

அவன் கண் கலங்கிவிட்டது. டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த கறுப்புக் குமிழைத் தொட்டுக் காட்டினான். அந்த மாதிரிப் பழைய வண்டியில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. அந்தக் குமிழை வெளியே இழுத்தால்தான் டீசல் அடைபட்டு நிற்கும்.

"இறக்கம் வந்ததும் அண்ணன் இதை இழுத்துடுவார். எஞ்சினை நிறுத்திட்டு, நியூட்ரல்ல, பதினொரு கிலோமீட்டரும் சும்மாவே உருண்டு வருவார். அந்த வேகத்துலயே கீழே சமதரையிலயும் ரெண்டு கிலோமீட்டர் ஓடும். அப்படித்தான் பதினாலு வந்துச்சு. நான் கூட உக்காந்து வந்திருக்கேன். பயந்து கத்தியிருக்கேன். உங்க அண்ணிகிட்ட சொல்லிடாதேடான்னு சிரிப்பார்."

"எஞ்சின் நின்னா என்ன?"

"எஞ்சின் ஓடினாத்தான் பிரேக்குக்குப் பலம் அண்ணி. நின்னதுக்கப்புறம் ரெண்டு மூணு தடவை மிதிச்சா அவ்வளவுதான். பெடல் கல்லு மாதிரி ஆயிடும். லைனிங் புதுசா இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவன் இறங்கிப் போனான். ஆட்கள் வந்து பெட்டிகளை இறக்கினார்கள். அவள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கொழுந்தனைத் திருடன் என்று நினைத்தோமே என்ற வெட்கம்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னால் வந்தது அதைவிடப் பெரியது. இரண்டு வருஷமாக அவள் வாய் நிறையச் சபித்தது, ஒரு தப்பும் செய்யாத சொந்த அண்ணனை.

திரும்பும் வழியில் வண்டியை அவர் பட்டறை முன்னால் நிறுத்தச் சொன்னாள். பட்டறையில் வேலைக்கு நின்றது ஒரே ஒரு வண்டி. அண்ணன் கீழே குந்தி, கழற்றிப் போட்ட கியர்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துணியில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"உனக்குத் தெரியுமா அண்ணா?" என்றாள்.

எதை என்று அவர் கேட்கவில்லை. "சேதி கேட்டதும் நான்தான் முதல்ல ஓடினேன். குமிழ் வெளியே நீட்டிட்டு இருந்துச்சு. யார் கண்ணுலயும் படறதுக்குள்ளே உள்ளே தள்ளிவிட்டேன்."

"அத்தனை பேர் முன்னாடி உன்னைக் கேட்டேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. செத்தவர் மேல பழி வரவேணாம்னு நினைச்சியா?"

"மாப்பிள்ளையை இனிமே யார் என்ன சொன்னா என்ன?" என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அவர் எதுக்காக அப்படி ஓட்டினார்னு நீ யோசிப்பே. யோசிச்சா உனக்கே தெரிஞ்சுடும். என்னைத் திட்டினா, திட்டி முடிச்சுட்டு நீ தூங்கலாம். உன்னையே திட்டிக்கிட்டா எப்படித் தூங்குவே?"

கணவர் செத்த அன்றைக்கு அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்திருந்தது. அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருஷத்தை ஓட்டினாள். இப்போது கோபித்துக்கொள்ள ஆள் இல்லை. எண்ணெய்க் கறை படிந்த தரையில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் மண்ணெண்ணெய்த் தட்டை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.