மாப்பிள்ளை பேர் ஷாரோன்

கடலூர் செம்மண்டலம் புஷ்பவள்ளி கையில் எடுத்த கேசரியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். ஆவணியில் மகன் கல்யாணம். பத்திரிகைக்கு வாசகம் எழுதலாம் என்று 2010 ஆடியில் சிதம்பரத்துச் சம்பந்தி வீட்டுக்கு மகனையும் கூட்டிக்கொண்டு வந்தால், சம்பந்தி ராமாமிர்தம் மாப்பிள்ளையின் பேரிலேயே கை வைக்கிறார்.

மாப்பிள்ளை பேர் ஷாரோன். கடலூர் ஆஸ்பத்திரியில் பிள்ளைவலியில் புஷ்பவள்ளி பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தபோது, டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நர்சம்மாவின் பேர் அது. பிறந்தது ஆணாக இருந்தால் என்ன, பேர் இதுதான் என்று புஷ்பவள்ளி ஒரே பிடியாக நின்றுவிட்டாள். எபிரேய பாஷையில் அது பூப்பூக்கிற ஒரு சமவெளியின் பேர், ஆணுக்கும் வைக்கலாம் பெண்ணுக்கும் வைக்கலாம் என்று நர்சம்மாவே சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு இதை யார் போய்ச் சொல்வது? 'ஷாரோன் அக்கா' என்று கூப்பிட்டே பிள்ளையை அழவைத்தார்கள், பாவிகள்.

ராமாமிர்தம் தன்மையாகத்தான் பேசினார். கோயிலைச் சுற்றி அத்தனை சொந்தக்காரர்கள். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டார்களா என்று கேட்பார்கள். இல்லையென்றால் மணமகன் இடத்தில் பெண் பேர் இருக்கிறதே என்று சிரிப்பார்கள். சரவணன் என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? ஷாரோனும் சரியென்று தலையை ஆட்டிவிட்டான். அட, பெற்றவளை ஒரு பார்வை பார்க்கக் கூடாதா! இத்தனை வருஷமும் இந்தப் பேரைச் சுமந்தது போதும் என்கிறான் போலிருக்கிறது.

காபி கொண்டுவந்த கல்யாணப்பெண் இலக்கியா தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏம்பா, எங்க தையல் டீச்சர் பேரும் ராமாமிர்தம்தான. ஒங்கள யாராவது பொம்பளன்னாங்களா?"

ராமாமிர்தத்தின் மனைவி பார்வதம் அடுப்படியில் சிரித்தது கூடம்வரை கேட்டது. பேரில் வேதக்கார வாடை அடிக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்று ராமாமிர்தம் விடாமல் கேட்டார்.

"அத்தைய காப்பாத்துனவங்க பேருப்பா அது. யார் கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன்."

புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அந்த வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது. பார்வதத்துக்கு இன்றைக்கும் 'இலக்கியா அப்பா'தான். இலக்கியாவோ அவனை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"ஷாரோன், ஒங்களுக்கு அந்தப் பேரு வேணாமா?"

அவனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. கேலியே இல்லாமல் ஒரு பெண் அந்தப் பேரை அத்தனை ஆசையாகச் சொல்வாள் என்று அவன் நினைத்ததே இல்லை. மெல்ல அம்மா பக்கம் திரும்பினான்.

"எங்கம்மா வச்ச பேரு மாமா. அதையே போடுங்க."

புஷ்பவள்ளி அத்தனை பேர் முன்னாலும் அழுதேவிட்டாள்.