சிவப்புக் காரின் மூக்கு

என் வலது கால் பாரம் என்று எங்கள் வீட்டில் முடிவு கட்டியாகிவிட்டது. வீட்டில் என்றால் வேறு யாருமில்லை, என் கணவர் தில்லையம்பலம்தான். 1997 ஐப்பசி மாதம் அது. திங்கட்கிழமை லண்டன் வெம்பிளியில் நிரப்புகிற பெற்றோல் முன்பெல்லாம் அடுத்த திங்கள் வரை தாக்குப்பிடிக்கும். இப்போது வியாழக்கிழமையே முள் கீழே படுத்துவிடுகிறது. கார் அதே கார், போகிற பாதையும் அதே பாதை. ஆகவே பிழை ஓட்டுகிறவளின் காலில்தான் என்பது அவருடைய தீர்ப்பு.

அவரோடு இந்த விஷயத்தில் வாதாடுவது லேசில்லை. யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் வாடகைக் கார் ஓடியவர். ஆனால் லண்டனில் அவருக்கு லைசென்ஸ் இல்லை. டெஸ்டில் இரண்டு தரம் தவறிவிட்டார். முதல் தரம், முன்னால் நின்ற பஸ்ஸுக்கு விடாமல் ஹோர்ன் அடித்ததற்காக. இரண்டாம் தரம், முழங்கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் ஓடியதற்காக. ஓடத் தெரியாதவன் இரண்டு கையாலும் பிடிக்கட்டும் என்று வீட்டுக்கு வந்து கத்தினார். அன்றிலிருந்து என் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு, ரோட்டைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டு வருவார்.

நான் தொண்ணூற்றொன்றில் மகளோடு இங்கே வந்தேன். அவர் வந்து சேரத் தொண்ணூற்றாறு ஆகிவிட்டது. கிங்ஸ்பரியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் எங்களுக்கு இரண்டு அறை, கீழே வேறு குடும்பம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் எனக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். முதல் பஸ் வந்தாலும் வரும், வராவிட்டால் நடக்கவேண்டியதுதான். மூன்று மாரி காலம் அப்படி நடந்த பிறகு, இனி ஏலாது என்று கார் பழகினேன். நாலாவது டெஸ்டில் பாஸாகி, கே எழுத்தில் தொடங்கும் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு நம்பர் பிளேட்டோடு இந்தச் சின்னச் சிவப்புக் காரை வாங்கினேன்.

என் பெயரில் பதிவான முதல் பொருள் அது. கதவைச் சாத்திவிட்டால் யாரும் என்னைக் கூப்பிடமுடியாது. ஷிப்ட் முடிந்து அதற்குள் ஏறினால் பத்து நிமிடம் இயந்திரத்தைப் போடாமலே இருப்பேன். ஒன்றும் செய்யமாட்டேன், சும்மா இருப்பேன். சந்தோஷமாக இருக்கும். மகள் லீட்ஸுக்குப் படிக்கப் போன பிறகு அந்தப் பத்து நிமிடம் எனக்கு இன்னும் பெரிதாகிவிட்டது.

இன்சூரன்ஸ், பெற்றோல், ரோட் டக்ஸ் என்று காருக்கும் செலவு இருக்கிறதுதானே. அதற்காகப் போன சித்திரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் எடுத்தேன். அவருக்கு வெம்பிளியில் ஒரு ஹார்ட்வெயர் கடையில் வேலை, ஞாயிறுதான் விடுமுறை. "ஞாயிறும் போறீரோ" என்று ஒருநாள் கேட்டார். ஓம் என்றேன். நான் அந்தக் கேள்வியைப் பெரிதாக எடுக்கவில்லை.

கார் குடிக்கத் தொடங்கியது அந்தக் கோடையில்தான். பின்னால் கருப்பாகப் புகை வந்தது. மேட்டில் ஏறும்போது உள்ளே யாரோ கரண்டியால் தட்டுவது போல ஒரு சத்தம். அவர் என் காலைப் பார்த்தார். நான் ஒரு கிழமை முழுக்க, பக்கத்தில் நித்திரையாகிக் கிடக்கும் குழந்தையை எழுப்பாமல் ஓடுவது போல ஓடிப் பார்த்தேன். பெற்றோல் இன்னும் வேகமாக இறங்கியது. அப்போது எனக்கே என் காலில் சந்தேகம் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. நாலு டெஸ்ட் எடுத்துப் பாஸானவள்தானே, ஒழுங்காகப் பழகவில்லையோ என்று மனம் சொல்லத் தொடங்கியது.

ஒரு புதன்கிழமை அவர் காரை வாங்க ஆள் பார்த்துவிட்டேன் என்றார். கடைக்கு வந்துபோகிற மகாலிங்கம் என்ற மலேசியத் தமிழராம், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறாராம், மனைவிக்குச் சின்னக் கார் தேடுகிறாராம். தான் அவரைச் சனி பின்னேரம் மூன்று மணிக்கு வரச் சொல்லிவிட்டாராம். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அன்று கறிக்கு உப்புப் போட மறந்தேன். அவர் அதையும் பேசாமல் சாப்பிட்டார்.

விற்பதென்றால் விற்கலாம், அதற்கு முதல் என் கால் குற்றவாளியா இல்லையா என்று எனக்குத் தெரியவேண்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே காரை எடுத்துக்கொண்டு அல்பேட்டனில் கராஜ் வைத்திருக்கும் ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் போனேன். ஸ்ரீ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இவரும் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். இயந்திரத்தில் பிழையில்லை என்று ஸ்ரீயின் வாயாலேயே எனக்குச் சொல்லவைக்கப் போகிறாராம்.

ஸ்ரீ காரை மேலே தூக்கி, புகைக்குழாயில் செருகியிருந்த ஒரு சின்னச் சாமானைக் காட்டினான். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், வாலில் வயர். ஒட்சிசன் சென்சர் என்றான். இயந்திரம் எரித்து வெளியே விடுகிற காற்றில் ஒட்சிசன் எவ்வளவு மிச்சம் என்று இது மோந்து பார்த்துச் சொல்லுமாம். அதைக் கேட்டுத்தான் காரின் கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்குமாம். இது மந்தமாகிவிட்டால் கொம்பியூட்டர் கண்ணை மூடிக்கொண்டு பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்குமாம்.

"இது காரின்ரை மூக்கு, அக்கா. மூக்கடைச்சால் சாப்பாட்டின்ரை அளவு தெரியாதுதானே."

மீற்றர் ஒன்றை வயரில் கொளுவினான். நல்ல சென்சர் என்றால் அதன் முள் நிற்காமல் இரண்டு பக்கமும் ஓடவேண்டுமாம். எங்கள் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சும்மா கிடந்தது. சூட்டில் இறுகியிருந்த சென்சரை எண்ணெய் விட்டு, தட்டி, சுழற்றி, அரைமணித்தியாலம் மல்லுக்கட்டிக் கழற்றினான். முனை முழுவதும் கரி, அடுப்புக்கரி மாதிரி அப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் என் வலது கால் உடனே லேசாகிவிட்டது. நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். வெற்றிப் பார்வைதான், மறைக்கவில்லை. அவர் சென்சரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸ்ரீ மருந்து அடித்துக் கரியைக் கழுவி, திரும்பப் பூட்டி, இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தான். முள் இரண்டு தரம் அசைந்துவிட்டுப் பழையபடி படுத்தது. கழுவிச் சரிவராது, புதிதுதான் போடவேண்டும் என்றான். ஆனால் இவ்வளவு கரி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் புதிதைப் போட்டால் அதுவும் போய்விடும் என்று தலையைச் சொறிந்தான். பிறகு பெற்றோல் மூடியைத் திறந்து மோந்தான்.

"அக்கா, மண்ணெண்ணெய் மணக்குதே."

அது இவருடைய சட்டை, ஹார்ட்வெயர் கடையில் வேலை, தினமும் இந்த மணத்தோடுதான் வீட்டுக்கு வருவார் என்றேன். ஸ்ரீ கேட்கவில்லை. குழாய் போட்டுக் கொஞ்சம் உறிஞ்சியெடுத்து ஒரு கடதாசியில் நாலு துளி விட்டான். பக்கத்தில் தன் போத்திலில் இருந்த பெற்றோலிலும் நாலு துளி விட்டான். அவனுடையது காய்ந்து இடமே தெரியாமல் போயிற்று. எங்களுடையது வடை சுற்றிய கடதாசிச் சரை மாதிரி எண்ணெய்க் கறையாகப் பரவி நின்றது.

பெற்றோல் ஷெட்காரன் கலப்படம் செய்திருக்கிறான் என்று நான் கத்தத் தொடங்கினேன். எந்த நாட்டில் இருக்கிறோம், கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுவேன் என்றேன். நான் பாதியில் இருக்கும்போது என் கணவர் மெல்லச் சொன்னார்.

"அவன் இல்லை. நான்தான் விட்டனான்."

ஸ்ரீ ஸ்பானரைக் கீழே வைத்தான்.

யுத்தத்தில் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணால் காணக் கிடையாது. போத்தில் மூடியால் அளந்து ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிவிட்டு, மண்ணெண்ணெயிலேயே ஊர் முழுக்க ஓடினார்கள். தொண்ணூறிலிருந்து ஐந்து வருடம் இவருடைய பழைய ஒஸ்ரின் காரும் அப்படித்தான் ஓடியது. பிள்ளைப்பெறுவுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பெண்கள் மட்டும் நாற்பது பேருக்கு மேல், ஒருநாளும் நடு வழியில் நின்றதில்லை என்று எனக்கே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். இங்கே கடையில் ஹீற்றருக்கென்று மண்ணெண்ணெய் தகரத்தில் விற்கிறார்கள். ஞாயிறுகளில் நான் அதிகாலை ஷிப்டால் வந்து மத்தியானம் நித்திரையாகும்போது, காரைத் திறக்கிற மேலதிகத் திறப்பை எடுத்துக்கொண்டுபோய்க் கிழமைக்கு ஒரு தகரம் விட்டிருக்கிறார். கார் பெற்றோலைக் கூடக் குடிக்க, இவரும் தகரத்தைக் கூட்டியிருக்கிறார்.

ஸ்ரீக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பழைய காருக்கு மூக்கு இல்லை அண்ணை, அது எதைக் கொடுத்தாலும் சாப்பிடும், இது அப்படியில்லை என்றான். ரோட்டில் ஓடுகிற காருக்கு மண்ணெண்ணெய் விடுவது இந்த நாட்டில் குற்றம், பொலிஸுக்குத் தெரிந்தால் பெரிய கரைச்சல் என்றும் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மாதமாகத் தானே கெடுத்துவிட்டு என் காலைக் குற்றம் சொல்லியிருக்கிறார். ஒரு கிழமை முழுக்க நான் மூச்சுப் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். கத்தினால் அல்பேட்டன் முழுக்கக் கேட்கும் என்று வெளியே போய், கராஜ் மதிலோரம் கிடந்த பழைய கார் ரயரில் குந்தியிருந்தேன்.

அவர் பின்னால் வந்தார். இருக்கவில்லை, நின்றார். மனிதருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"வேணுமெண்டு செய்யேல்லை. செலவு குறைஞ்சால் நீர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகமாட்டீர் எண்டு நினைச்சன்."

நான் ரயர் பள்ளத்தில் இறுகியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினேன்.

"அஞ்சு வருஷம் தனிய இருந்தனான். இஞ்ச வந்தும் ஞாயிறு தனியத்தான் இருக்கிறன். கார் கூடக் குடிக்கேக்கை, மண்ணெண்ணெய் காணாது எண்டுதான் நினைச்சன். பிறகு உம்மடை கால் எண்டு சொல்லிப்போட்டன், அதுக்குப் பிறகு மாத்திச் சொல்ல வாய் வரேல்லை. வித்துப்போட்டால் எல்லாம் முடிஞ்சிடும் எண்டு யோசிச்சன்."

என் கோபம் எங்கேயும் போகவில்லை, அப்படியே இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்து குந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேலையால் வரும்போது இந்த மனிதர் ஜன்னலோரம் கதிரையைப் போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார். காரைத்தான் பார்க்கிறார், எங்கேயும் இடித்துவிட்டேனோ என்று சோதிக்கிறார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஒரு நாள்கூட அவரிடம் வாயைத் திறந்து கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கராஜ் மணத்தில் கண் எரிகிறது என்றேன்.

ஸ்ரீ பெற்றோல் தாங்கியை முழுவதும் காலிசெய்து, புதுப் பெற்றோல் விட்டு, புது சென்சர் பூட்டினான். மீற்றர் முள் இப்போது நிற்காமல் இங்கேயும் அங்கேயும் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. கராஜை விட்டு வெளியே வரும்போது கார் ஒரு சத்தமும் போடவில்லை, பின்னால் புகையும் இல்லை. அவர் பக்கத்தில் இருந்து, வழி முழுக்க ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. மகாலிங்கமும் மனைவி நீலவேணியும் வாசலில் நின்றார்கள். நல்ல மனிதர்கள். நீலவேணிக்குக் காரைக் கண்டதுமே பிடித்துவிட்டது, கதவைத் தொட்டுப் பார்த்தாள். நான் கார்த் திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். வாக்குக் கொடுத்தவர் இவர், அதுவும் கடைக்கு வந்துபோகிற ஆளுக்கு. வாக்கு மாறினால் இவருக்கு அவமானம், மாறாவிட்டால் எனக்குக் கார் இல்லை. பெற்றோல் ரொம்ப இழுக்குதுன்னு சொன்னீங்களே, சரியாயிடுச்சா என்று மகாலிங்கம் கேட்டார். ஓட்டுறவங்க கால் பாரமாயிருந்தா அப்படித்தான் ஆகும், நீங்களே சொன்னீங்க என்று சிரித்தார்.

அதற்கு என் கணவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருட டிரைவர், முன்பின் அதிகம் பழகாத இரண்டு பேருக்கு முன்னால், நடுத் தெருவில் நின்று சொன்னார்.

"அவவின்ரை காலிலை பிழையில்லை. நான் மண்ணெண்ணெய் விட்டுக் காரைப் பழுதாக்கினனான். அதோட, கார் என்ரையில்லை, அவவின்ரை. அவவைக் கேளாமல் உங்களை வரச் சொன்னதும் நான் செய்த பிழைதான்."

மகாலிங்கம் என்னைப் பார்த்தார். இல்லை, விற்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பார்க்கிங்கிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவர்களை அப்படியே அனுப்ப மனமில்லாமல் மேலே கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுத்தேன். நீலவேணி போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல வேளை, நானா இருந்தாலும் குடுத்திருக்கமாட்டேன் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் போன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். சுப்பர்வைசரிடம், நாளை தொடங்கி இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என் பெயரைப் போடவேண்டாம் என்றேன். ஏன், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள். இல்லை, வீட்டில் ஆள் இருக்கிறார் என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் ஒன்பது மணி வரைக்கும் நித்திரை கொண்டேன். அவர் இடியப்பமும் சொதியும் செய்துவைத்துவிட்டு, நான் எழும்பும் வரை சாப்பிடாமல் இருந்தார். கார் பகல் முழுக்க வாசலில் நின்றது, ஒரு துளி பெற்றோலும் குடிக்கவில்லை.