முங்கியிருந்த மூன்று வாத்துகள்

அண்ணி தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல் எண்ணிக்கை சொல்வாள். நான் நோட்டில் எழுதுவேன். குளிர்காலத்துக்கு இந்த ஏரிக்கு வரும் பறவைகளை ஞாயிறுதோறும் நாங்கள்தான் எண்ணுகிறோம். இருநூறைத் தொட்டுவிட்டால் குளிர் போகும்வரை படகு விடக்கூடாது என்பது நகராட்சி உத்தரவு. படகு விடுவது என் அண்ணன், அவள் புருஷன்.

"உன் அண்ணி கண்ணுல இன்னிக்குத் தூசி விழட்டும்னு வேண்டிக்கோ" என்று காலையில் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் மிதிபடகுகளைத் துடைக்கப் போனான்.

பெருவாத்துகளை எண்ணுவது சுலபம். கரையில் சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி கழுத்தை நிமிர்த்தி நிதானமாக நடக்கும். முக்குளிக்கும் வாத்துகள்தான் பாடாய்ப் படுத்தும். பாதி மேலே இருக்கும்போது பாதி தண்ணீருக்குள். எல்லாம் ஒருசேர மேலே வரும் ஒரு நொடிக்காகக் கண் இமைக்காமல் காத்திருக்க வேண்டும்.

"நூத்தித் தொண்ணூத்தெட்டு" என்றாள். எழுதிவிட்டு நோட்டை மூடப் போனேன்.

"இருடி. கீழ இன்னும் இருக்கு."

தண்ணீர் சும்மா கிடந்தது. வராதே, வராதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். போன குளிர்காலம் முழுக்க அண்ணன் வேலையில்லாமல் வீட்டில் நாற்காலி மாற்றி நாற்காலி உட்கார்ந்திருந்தான். என்னைவிட அதிகம் அதைப் பார்த்தவள் அவள்தான். ஆனாலும் அவள் தொலைநோக்கியை இறக்கவில்லை.

ஒன்று வந்தது. செம்பு நிறத் தலை. அவ்வளவு நேரம் சேற்றுக்குள் துழாவியதன் சுவடே இல்லை. இப்போதுதான் தலை வாரிக்கொண்டு வந்தது போல அப்படி ஒரு மினுமினுப்பு. வராதே என்று கெஞ்சியவள் நான்தான். "அண்ணி, அங்க பாருங்க" என்று குதித்தவளும் நான்தான். பக்கத்தில் இன்னொன்று. சற்றுத் தள்ளி மூன்றாவது.

"இருநூத்தி ஒண்ணு. எழுது."

படகுத்துறையில் எண்ணிக்கையைக் கேட்டதும் அண்ணன் கையிலிருந்த துணியை மெதுவாகப் பிழிந்தான்.

"முங்கிக் கிடந்ததையுமா எண்ணின?"

"முங்கிட்டா இல்லன்னு ஆயிடுமாங்க?"

துணியை உதறித் தோளில் போட்டான். "ஒரு வாத்தையும் விட்டுத் தரமாட்ட" என்றான். சலிப்புதான். ஆனால் என் சிநேகிதிகளிடம் அவளைப் பற்றிப் பேசும்போது எனக்கு வருகிற குரலும் அதில் இருந்தது.

முதல் படகைக் கரையேற்றக் கயிற்றை அவிழ்த்தான். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு, பல் கிட்டிக்கும் தண்ணீரில் இறங்கி, படகின் பின்பக்கம் கை கொடுத்தாள்.

"இழுங்க" என்றாள்.

நானும் இறங்கினேன். மொத்தம் பன்னிரண்டு படகுகள்.