அடுத்தவன் நெல்லின் ஈரம்

காலையிலிருந்து, புரோகிராமில் தப்பு தேடும் அந்த மெமரி செக்கர் ஒரே வரியைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தது. நெல்லின் ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேலா கீழா என்று பார்க்கிற வரி. அதில் தப்பாக எழுத என்ன இருக்கிறது? 'யாரும் நிரப்பாத மதிப்பை வைத்து இங்கே முடிவெடுக்கிறாய்' என்பது அதன் புகார். சென்னை ஆபீசில் கொடுத்த சோதனை அளவுகளைப் போட்டால் மூச்சு விடாது. உத்திரமேரூருக்கு வெளியே இருக்கும் அரிசி மில்லின் மிஷினிலிருந்து நான் எடுத்துவந்த அளவுகளைப் போட்டால் மட்டும் அலறும். எனக்கு வந்த எரிச்சலுக்கு லேப்டாப்பை மாடியிலிருந்து தூக்கி, கீழே வஹாப் அண்ணனின் தார்ப்பாய்க் கடைக்குள் எறிந்திருப்பேன்.

டீம் லீட் ஸ்ரீகாந்துக்கு போன் போட்டேன். ஈரம் பார்க்கும் அந்த மிஷினுக்கான சி புரோகிராமை முதலில் எழுதியவர் அவர்தான்.

"தசமக் கணக்குன்னா கடைசி டிஜிட் கொஞ்சம் முன்ன பின்ன வரும் சாய்ரா. அதுக்குத்தான் கத்துது. வார்னிங்க மறைச்சிட்டு அனுப்பு. சாயங்காலம் இந்த வெர்ஷன் எல்லா மில்லுக்கும் போயாகணும்."

தசமம் முன்னே பின்னே போவது எனக்குத் தெரியாதா? செக்கர் சொல்வது அதையல்ல. அளவு கொஞ்சம் பிசகியது என்று அது சொல்லவில்லை, அளவே இல்லை என்கிறது. "பாத்துட்டு சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டேன்.

கீழே கடையில் சத்தம் கேட்டது. மானாம்பதி விவசாயி ஏகாம்பரம் அண்ணன்.

"இன்னொரு தார்ப்பாய் குடு பாய். ரெண்டு நாளா ரோட்லயே காயவெச்சேன். நெல்லு கட்ச்சா டக்குன்னு ஒடையுது. உத்திரமேரூர் மில்லுல மிசினு பதினேழுக்கு மேலன்றான். திருப்பி இட்டுக்கினு போன்றான். வானம் வேற கருத்துக்கினு கீது. மழ வந்தா என் பொயப்பே பூடும்."

மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன். நான் அளவுகளை எடுத்துவந்த மில்தான் அது.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். இந்தச் செக்கரிடம் ஒரு குணம் உண்டு. குப்பை மதிப்பைக் கூட்டினாலும் வகுத்தாலும் வாயைத் திறக்காது. அதை வைத்து ஆமா, இல்லையா என்று முடிவெடுக்கும்போதுதான் கத்தும். கத்துகிற இடம் வேறு, தப்பு நடந்த இடம் வேறு. அந்த மதிப்பு எங்கே பிறந்தது என்று காட்டச் சொல்லி மறுபடி ஓடவிட்டேன். நிதானமாக ஓடி, ஸ்ரீகாந்தின் பழைய வரி ஒன்றில் போய் நின்றது. மூன்று அளவுகளுக்கு மூன்று இடம் ஒதுக்குகிற வரி.

மூட்டையின் மேல், நடு, அடி என்று மூன்று பிடி நெல் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. மில்லில் முதல் மூட்டைக்கு ஒழுங்காக எடுப்பார்கள். வண்டிகள் வரிசை கட்டியதும் அடிநெல்லுக்காக மூட்டையைக் கவிழ்க்க யாருக்குப் பொறுமை? மேல்நெல்லும் நடுநெல்லும் எடுத்துவிட்டு பட்டனை அமுக்கிவிடுவார்கள். புரோகிராமோ மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கும். மூன்றாவது இடத்தில் முன்பு கிடந்தது அப்படியே கிடக்கும்.

ஏகாம்பரம் அண்ணன் பேருக்கு நேரே இருந்த அளவுகள் பதினாறு புள்ளி ஒன்று, பதினாறு புள்ளி மூன்று. முடிவு பதினேழு புள்ளி நான்கு என்று வருகிறது. திருப்பிக் கணக்குப் போட்டால் மூன்றாவது பத்தொன்பது புள்ளி எட்டு. அன்றைக்கு மில்லுக்கு முதலில் வந்த நனைந்த மூட்டையின் அடிநெல் அதே பத்தொன்பது புள்ளி எட்டு. யாரோ ஒருவருடைய ஈரம் நாள் பூராவும் எல்லார் தலையிலும் விடிந்திருக்கிறது. அடப்பாவி!

ஸ்ரீகாந்திடம் சொன்னேன்.

"இதை இப்ப சொன்னா, பழைய மிஷின் எல்லாத்துக்கும் பதில் சொல்லணும் சாய்ரா. அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம சரிபண்ணிடலாம். இப்ப மறைச்சிட்டு அனுப்பு."

"அனுப்ப மாட்டேன் சார். என் வேலைய எடுத்தாலும் சரி."

போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். பயமாகத்தான் இருந்தது. வஹாப் அண்ணனிடம் சாவி வாங்கி ஸ்கூட்டியை மானாம்பதி ரோட்டுக்கு விட்டேன்.

பாதி ரோட்டை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஏகாம்பரம் அண்ணன் காலால் துழாவித் துழாவி அதைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"காயவெச்சது போதும்ண்ணா. உங்க நெல்லு காஞ்சிதான் கீது. மிசினுதான் தப்பு. வேற ஆளோட ஈரத்த உங்க கணக்குல சேத்துக்கிச்சு."

அவர் என்னையே பார்த்தார். "இத மில்லுக்காரன் கைல நான் சொன்னா நம்புவானா பாப்பா?"

"நான் வந்து சொல்றேன். அடிநெல்லயும் எடுத்து அளக்கச் சொல்றேன்."

ஒரு மூட்டையை இருவருமாகக் கட்டி ஸ்கூட்டியின் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தினோம். அவர் பின்னால் ஏறிக்கொண்டார். மூட்டையின் இரண்டு பக்கமும் கால்களைத் தொங்கவிட்டு, மில் ரோட்டில் திரும்பினேன். பையில் என் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, ஸ்ரீகாந்த்தான். முதல் தூறல் மூட்டையின் மேல் விழ, ஏகாம்பரம் அண்ணன் தோள் துண்டை உருவி, என்னைச் சுற்றிக் கையை நீட்டி அதை மூடினார்.