ஃப்ரிட்ஜுக்கு என்று ஒரு ஜோடி செருப்பு

என் கணவருக்கு வீட்டின் பழைய ஃபியூஸ் பெட்டிமேல் அப்படி ஒரு பெருமை. ஃபியூஸ் போகும்போதெல்லாம் இன்னும் தடித்த கம்பியாகச் சுற்றிவைப்பார். "நான் கட்டினா போகவே போகாதுடி!" என்று மார்தட்டல் வேறு. போகாவிட்டால் வீடே பற்றிக்கொள்ளும் என்று எலக்ட்ரீஷியனான என் தம்பி தலைதலையாய் அடித்துக்கொண்டான். "அடுத்த மாசம் பாத்துக்கலாம் மாப்ள" என்பதுதான் பதில்.

தம்பியிடம் மூச்சுவிடாத சங்கதி ஒன்றும் இருந்தது. எங்கள் ஃப்ரிட்ஜைத் தொட்டால் லேசாகக் கரண்ட் கிள்ளும். அதன் முன்னால் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். மாட்டிக்கொண்டுதான் கதவைத் திறப்போம். மறந்துபோய்த் தொட்டுத் துள்ளும் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரிப்போம். கொழுப்புதான், வேறென்ன.

பொறுத்துப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே தம்பியை வரவழைத்துவிட்டேன். அவன் மெயினை இறக்கிப் பெட்டியைக் கழற்றினான். பின்பலகை கரிக்கட்டையாகி இருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது.

"அது பழைய பலகை மாப்ள" என்றார் இவர்.

"பழசானா கருகுமா மாமா?"

நான் திட்ட வாயைத் திறந்தேன். புதுப் பெட்டி சுவரில் ஏறும்வரை மூடவில்லை.

வெள்ளைப் பெட்டி, வரிசையாகக் குட்டி சுவிட்சுகள். அகலமான ஒன்றைத் தம்பி தொட்டுக் காட்டினான். "போற கரண்ட்டும் திரும்பி வர்றதும் சமமான்னு இது பாத்துக்கிட்டே இருக்கும். யார் உடம்பு வழியாவது கொஞ்சம் கசிஞ்சாலும் தானா விழுந்துரும்."

"தீப்பெட்டி சைஸ்ல இருந்துக்கிட்டு எல்லாத்தையும் பாக்குதாக்கும்!" என்று சிரித்தார் இவர்.

விளக்குகள் எரிந்தன, ஃபேன் சுற்றியது. தம்பி ஸ்க்ரூடிரைவர்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். டக்! ஃபேன் நின்றது.

"பாத்தியா! வந்த அன்னிக்கே படுத்துருச்சு!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் சமையலறையில் வீல் என்று அலறல்.

ஓடினோம். நேற்றுவரை தவழ்ந்துகொண்டிருந்த எங்கள் குட்டி மகள், முதல்முறையாக எழுந்து நின்றிருந்தாள். இரண்டு உள்ளங்கையும் ஃப்ரிட்ஜின் பெயின்ட் உரிந்த தகரத்தில். கீழே ஈரத்தரை, வெறுங்கால். செருப்பு ஓரமாகக் கிடந்தது.

வாரி எடுத்தேன். கை கால் எல்லாம் தடவிப் பார்த்தேன். விம்மினாள், மூக்கை என் தோளில் துடைத்தாள், மாமனைப் பார்த்ததும் சிரித்தேவிட்டாள். தம்பி ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான்.

"இமைக்கிற நேரம்கூட இல்லக்கா. அதுக்குள்ள கரண்ட்டை அறுத்துவிட்டிருக்கு."

அம்மாடி! பெற்ற நாங்கள் இருவரும் பார்க்காத நொடியில், சுவரிலிருந்த அந்தச் சின்னப் பெட்டி என் பிள்ளையைப் பார்த்திருக்கிறது. எங்கள் கால்களுக்குச் செருப்பு வைத்தோமே, தவழும் பிள்ளைக்குச் செருப்பு ஏது என்று ஒருவருக்காவது தோன்றியதா?

விழுந்துகிடந்த சுவிட்சின் முன் இவர் போய் நின்றார்.

"அடுத்த மாசம்னு சொன்னேனேடி" என்றார்.

என்னிடம் வசவுக்கா பஞ்சம்? அதை விட்டுவிட்டு, குட்டியை அவர் கையில் கொடுத்தேன்.