நாற்றம் போன எரு

இப்போதெல்லாம் யாரும் ஆளை நம்புவதில்லை. தராசை நம்புவார்கள், காகிதத்தை நம்புவார்கள். எதிரே நிற்கிறவன் சொன்னால் மட்டும் பொய்.

டில்லியில் ஒரு விவசாயப் பண்ணையில் எனக்குத் தினக்கூலி. மஸ்டர் ரோலில் பேர் இருந்தால் வேலை. அடித்துவிட்டால் ஜங்புரா கேம்பில், எங்கள் குடிசையில் குந்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த வருஷம் அங்கே மண் ஆராய்ச்சி செய்கிற சேஷன் சார் முப்பது தொட்டி வைத்தார். பத்தில் யமுனை மணல், பத்தில் செம்மண், பத்தில் கரிசல். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கோழி எரு. எந்த மண் தழைச்சத்தைப் பிடித்து வைக்கிறது, எது தண்ணீரோடு விட்டுவிடுகிறது என்று பார்க்கணுமாம். இதற்கு ஒரு படிப்பு.

எருவை அவரே நிறுத்து முப்பது பொட்டலமாகக் கொடுத்தார். கலந்தது நான்.

ஆகஸ்டில், தொட்டிகளில் விதைத்த மக்காச்சோளம் வெளுத்து நின்றது. மணலில் மட்டுமில்லை, கரிசலிலும். மண்ணைச் சோதிக்கிற ஜெயலட்சுமி அம்மா, எதிலும் பாதிச் சத்துகூட இல்லை என்று எழுதிக் கொடுத்தாள்.

சார் என்னைக் கூப்பிட்டார். அந்தம்மாவும் பக்கத்தில் இருந்தாள்.

"அய்யாசாமி, உங்க கேம்ப்ல கீரை நல்லா வருதாமே?"

"வருது சார்."

"வராம என்ன? என் எருவுல பாதி அங்கதானே போயிருக்கு."

"ஒரு சிட்டிகை எடுக்கல."

"அரே, அப்ப சத்து எங்கய்யா போச்சு? பறந்தா போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நாலு நாள் வெயில்ல காயவச்சு, கட்டிய உதுத்து, பொட்டலம் மாறாம போட்டேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "காயவெச்சியா? யாரைக் கேட்டு?"

"இந்தம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு ஜன்னலைச் சாத்துச்சு. நாத்தம் போகட்டும்னு சாக்குல பரப்புனேன். எங்க ஊர்ல காயாத கோழி எருவைச் செடிகிட்டயே கொண்டுபோக மாட்டோம். வேர் வெந்துடும்."

"அந்த நாத்தம்தான்யா சத்து! காத்தோட போயிடுத்து!"

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்தம்மா தரையைப் பார்த்தாள்.

பிறகு நிமிர்ந்து, "நீ திருடலை. தப்பா பேசிட்டேன்," என்றார். சொல்லிவிட்டு மஸ்டர் ரோலை இழுத்து என் பேரை அடித்தார். சோதனையே கெட்ட பிறகு தொட்டிக்கு ஆள் எதற்கு? அடுத்த வருஷம் வா என்றார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒன்றும் வரவில்லை. வெளியே வந்து கரிசல் தொட்டியில் ஒரு கை மண் எடுத்து முகர்ந்தேன். மண் வாசம்தான்.

நாற்றம் சத்தாம். அப்படியென்றால் சாக்கடை ஓரத்தில் கிடக்கிற எங்கள் கேம்பே கொழுத்திருக்க வேண்டாமா? கையை உதறிவிட்டு நடந்தேன்.