வலது காதுக்குச் சொன்னது

கடைத்தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். பூட்டும் தாழ்ப்பாளும் விற்கிறவர்தான். ஆனால் வாலிபத்தில் வாங்கிய காரை இன்றுவரை கட்டி மேய்த்ததில், இன்ஜின் வியாதியெல்லாம் காதுக்கு அத்துப்படி. யார் வண்டியாவது தெருமுனையில் திரும்பும்போதே, பிளக் போச்சு, பெல்ட் போச்சு என்று கல்லாவில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவரின் கார், மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் உதறியது. மகளைத் தன் கையால் ஓட்டிக்கொண்டுபோய்க் கல்யாணக் கூடத்தில் இறக்குவதாக அவள் சடை போட்ட வயதிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வாடகைக்குப் புது வண்டி வரும் என்றான் மைத்துனன். "வண்டிக்கு வயசாச்சு மச்சான். உங்களுக்கு ஆகலைன்னு வச்சுக்குவோம்" என்று ஒரு குத்தும் வைத்துவிட்டுப் போனான்.

பழைய கார்தான், ஆனால் இன்ஜெக்டர் வைத்தது. உள்ளே போகும் காற்றை அளந்து அதற்குத் தக்க பெட்ரோல் போடும் கறார் வியாபாரி. அளந்த இடத்தைத் தாண்டி ஏதாவது விரிசலில் திருட்டுக் காற்று நுழைந்தால், கணக்கு இடித்து இன்ஜின் குலுங்கும். பிளக்கை மாற்றினார், இன்ஜெக்டரைக் கழுவினார். ஒன்றும் கதைக்கு ஆகவில்லை. கடைசியில் ஒரு ரப்பர் குழாயை எடுத்தார். வழக்கம்போல ஒரு முனையை வலது காதில் செருகி, மறுமுனையை இன்ஜின் மேல் இடம் இடமாக நகர்த்தினார். காற்று கசியும் இடத்தில் உஸ்ஸென்று கேட்க வேண்டும். எங்கும் கேட்கவில்லை.

டார்ச் பிடித்திருந்த மனைவிக்குக் குழாயே இல்லாமல் கேட்டது. ஒரு இன்ஜெக்டரின் அடியில் சீறுகிறதே என்றாள். அவர் அங்கேயும் குழாயை வைத்துப் பார்த்து, அதெல்லாம் சுத்தம் என்று அடித்துச் சொன்னார்.

அவள் குழாயின் மறுமுனையை அவர் கையிலிருந்து வாங்கித் தன் வாயருகே கொண்டுபோய் மெல்ல எதையோ சொன்னாள்.

"சொன்னேன்ல, இங்கயும் ஒண்ணும் இல்ல" என்றார் அவர், இன்ஜினை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அவள் அவர் காதிலிருந்து குழாயை உருவி இடது காதில் வைத்தாள். "நாளைக்கு நீங்கதாங்க ஓட்டணும். எனக்கும் அதுதான் ஆசை."

அவர் நிமிர்ந்தார். குழாயைப் பார்த்தார். அதன் மறுமுனை அவள் வாயருகே இருந்தது. மாற்றி மாற்றி இரண்டு காதிலும் வைத்துப் பார்த்தவர், பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ஒரு வருஷமா உங்க இடது பக்கமாத்தானே உக்காந்து சாப்பிடறேன்."

ஃபேன் காற்றுக்காக இடம் மாறிவிட்டாள் என்று நினைத்திருந்தார். கட்டிலில் பக்கம் மாறியது எதற்கு என்று யோசிக்கவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா ஒத்துக்குவீங்களா? பேரம் பேசிப் பாதிச் செவிடுன்னு முடிச்சிருப்பீங்க."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. எழுந்து இடது காதில் குழாயைச் செருகினார். அவள் காட்டிய இடத்தில் சீறல் தெளிவாகக் கேட்டது. இன்ஜெக்டர் அடியில் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மாற்றியதும் இன்ஜின் தூங்குகிற குழந்தை மாதிரி மூச்சுவிட்டது. புது வண்டி வேண்டாமென்று தன் தம்பிக்கு அவளே போன் செய்தாள்.

மறுநாள் முன் சீட்டில், அப்பாவின் இடது பக்கம், மகளை உட்காரவைத்துவிட்டு அவள் பின்னால் ஏறினாள். கூடத்தில் மகளை இறக்கியபின் அவர் திரும்பி, முதல் தடவை குழாயில் என்ன சொன்னாய் என்று கேட்டார்.

"அது வலது காதுக்குச் சொன்னது" என்றாள் அவள். "அங்கேயே இருக்கட்டும்."